ஆன் ஆர்பர் நகரம் முப்பது ஆண்டுகளில் எப்படி மாறியது, ஏன் மாறியது?

நீங்கள் 1990 முதல் 1994 வரை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்ததாகவும், இப்போது உங்கள் மகள் அதே பல்கலைக்கழகத்தில் சேரவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அன்று நீங்கள் பார்த்த ஆன் ஆர்பர் இன்னும் இருக்கிறதா, எவை போயின, எவை வந்தன, ஏன் இப்படி மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். நீண்ட காலமாக இந்த ஊரில் வாழ்ந்து, நகர மன்றத்தின் முடிவுகளையும் கட்டட விதிகளையும் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் சில எண்களைப் பாருங்கள். 1990-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆன் ஆர்பரின் மக்கள்தொகை 1,09,592. 2020-ல் அது 1,23,851. முப்பது ஆண்டுகளில் ஊர் சேர்த்துக்கொண்டது பதினான்காயிரம் பேரைத்தான். ஆனால் நீங்கள் படித்த காலத்தில் ஏறக்குறைய 36,000 மாணவர்களைக் கொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் 2024-ல் 52,000-க்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். அதாவது, ஊர் முழுவதும் கூடிய தலைகளைவிடப் பல்கலைக்கழகத்தில் மட்டும் கூடிய மாணவர்கள் அதிகம். பேராசிரியர்கள், ஆய்வாளர்கள், பல்கலைக்கழக மருத்துவமனையின் ஊழியர்கள் எல்லாரும் இதற்கு மேல். நீங்கள் கேட்ட மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு, எழும்பிய கோபுரங்களுக்கும் மூடிய கடைகளுக்கும் ஏறிய வாடகைக்கும், இந்த ஏற்றத்தாழ்வே மூலகாரணம் என்பது என் முடிவு. பல்கலைக்கழகம் வளர்ந்துகொண்டே போனது. ஊர் நெடுங்காலம் வளர மறுத்தது.

நீங்கள் விட்டுச் சென்ற ஊரின் தோற்றத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நகர மையத்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். அவற்றுக்கு மேலே தனியாகத் தெரிந்தவை பர்ட்டன் மணிக்கூண்டும், 1960-களில் எழுந்த இரண்டு மூன்று உயர்ந்த கட்டடங்களும்தான். அவற்றில் 26 மாடி உயரமுள்ள டவர் பிளாசா ஊராரிடம் அவ்வளவு வெறுப்பைச் சம்பாதித்தது. அதன் பிறகு மையத்தில் உயரமாக எதையும் கட்டவிடக் கூடாது என்ற எண்ணம் நாற்பது ஆண்டுகள் நிலைத்துவிட்டது. வளாகத்தைச் சுற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட பெரிய மரவீடுகள். ஒவ்வொன்றும் நான்கைந்து வாடகைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, முன் திண்ணையில் கிழிந்த சோபா ஒன்று கிடக்கும். அந்தச் சோபாக்கள்கூட இப்போது இல்லை. 2010-ல் ஒரு மாணவரின் உயிரைப் பறித்த தீவிபத்துக்குப் பிறகு, மெத்தை வைத்த இருக்கைகளைத் திண்ணையில் போடுவதை நகர மன்றம் தடை செய்துவிட்டது.

மாறாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். டயாக் என்னும் நடுமுற்றத்தில் நீங்கள் குறுக்கே நடந்த பாதைகள் அப்படியே இருக்கின்றன. முதல் தேர்வுக்கு முன் தரையில் பதித்த 'எம்' எழுத்தை மிதித்துவிடக் கூடாது என்ற அச்சமும் அப்படியே இருக்கிறது. சட்டக் கல்லூரியின் கல் மண்டபங்கள், நிக்கல்ஸ் ஆர்க்கேடின் கண்ணாடிக் கூரை, 1928-ல் திறந்த மிச்சிகன் தியேட்டர், கெர்ரிடவுன் உழவர் சந்தை ஆகிய எதற்கும் குறைவில்லை. 1982-ல் டெட்ராய்ட் வீதி மூலையிலுள்ள பழைய செங்கல் கட்டடத்தில் தொடங்கிய ஸிங்கர்மன்ஸ் உணவுக்கடை, இன்று ரொட்டி சுடுவது, பாலாடைக்கட்டி செய்வது, காபி வறுப்பது என்று பல கிளைத் தொழில்களாக விரிந்திருந்தாலும், அந்த மூலையை விட்டு நகரவில்லை. விலையைப் பார்த்து மட்டும் நீங்கள் திடுக்கிடுவீர்கள்.

ஆனால் உங்கள் நினைவில் ஆழமாக இருக்கக்கூடிய ஒன்று அடியோடு போய்விட்டது. டாம், லூயி பார்டர்ஸ் என்ற சகோதரர்கள் 1971-ல் இங்கே தொடங்கிய புத்தகக் கடையைச் சொல்கிறேன். நீங்கள் படித்தபோது அது ஸ்டேட் வீதியில் இருந்தது. அங்கே வேலைக்குச் சேர வருபவர்களுக்குப் புத்தகங்களைப் பற்றிய தேர்வு ஒன்று வைப்பார்கள். அதனால் கல்லா அருகில் நிற்கும் இளைஞரிடம் ஓர் அரிய நூலைப் பற்றிக் கேட்டால், அவர் அதைப் படித்திருக்கவும் கூடும். எந்த நூல் எந்த ஊரில் விற்கும் என்பதைக் கணிக்கும் கணினி முறையையும் அச்சகோதரர்கள் அக்காலத்திலேயே உருவாக்கியிருந்தார்கள். கடை நாடெங்கும் பரவியதற்கு அதுவே அடித்தளம். 1992-ல் நாடெங்கும் அங்காடிகள் நடத்திய கேமார்ட் நிறுவனம் அதை வாங்கியது. 1994-ல், நீங்கள் ஊரை விட்டுப் போன அதே ஆண்டில், முதல் கடை லிபர்ட்டி வீதியில் ஜேக்கப்சன்ஸ் பல்பொருள் அங்காடி இருந்த பெரிய கட்டடத்துக்கு இடம் மாறியது. மையத்தில் இருந்த பெரிய துணிக்கடைகளும் பல்பொருள் அங்காடிகளும் 1973-ல் தெற்கு எல்லையில் திறந்த பிரையர்வுட் வணிக வளாகத்தால் நலிந்துகொண்டிருந்த காலம் அது. அவை விட்ட இடத்தைப் புத்தகக் கடை நிரப்பியது என்பதே அன்றைய ஆன் ஆர்பரின் தனித்தன்மை.

2011-ல் பார்டர்ஸ் திவாலாகி, அந்த ஆண்டு செப்டம்பரில் அதன் முதல் கடையும் மூடப்பட்டது. இன்று அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் உணவகம் இருக்கிறது. மாடிகளில் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று குடியேறியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2009-ல், ஸ்டேட் வீதியின் ஷாமன் டிரம் மூடிவிட்டது. மானுடவியல், தத்துவம், கவிதை ஆகியவற்றுக்கென்றே வாழ்ந்த அக்கடைக்குப் பாடநூல் விற்பனைதான் வருமானம் தந்தது. மாணவர்கள் பாடநூல்களை இணையத்தில் வாங்கத் தொடங்கியதும் அந்த வருமானம் வறண்டது. லிபர்ட்டி வீதியின் ஸ்கூல்கிட்ஸ் இசைத்தட்டுக் கடை அதற்கும் முன்னரே, 1998-ல் போயிற்று. இந்த மூன்றையும் இழந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு கல்லூரி நகரத்தில் மாலை வேளையில் எந்த நோக்கமும் இல்லாமல் நுழைந்து இரண்டு மணி நேரம் நிற்கக்கூடிய இடங்கள் அவை.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 2013-ல் வாஷிங்டன் வீதியில் லிட்டராட்டி என்ற புத்தகக் கடையை ஓர் இளம் தம்பதியர் திறந்தார்கள். அதன் கீழ்த்தளத்தில் ஒரு பழைய தட்டச்சுப்பொறியைத் தாளுடன் வைத்திருக்கிறார்கள். வருபவர் யாரும் நின்று, பெயர் போடாமல், நினைத்ததைத் தட்டிவிட்டுப் போகலாம். அவற்றில் தேர்ந்த சில வரிகளைக் கட்டடத்தின் வெளிச்சுவரில், தட்டச்சு எழுத்தின் வடிவிலேயே பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். மகளை அழைத்துக்கொண்டு கட்டாயம் போய்ப் பாருங்கள். லிபர்ட்டி வீதியில் பழைய நூல்கள் விற்கும் டான் டிரெடர் இன்னும் இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய அலமாரிகளுக்கிடையே ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய அதே சந்துகளுடன்.

இனிக் கோபுரங்களுக்கு வருகிறேன். உங்கள் கண்ணுக்கு முதலில் படப்போவது அவைதான். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு, மையத்தில் மக்கள் குடியிருந்தால்தான் கடைகள் பிழைக்கும், புறநகர் விளைநிலங்களும் தப்பும் என்ற கருத்து மன்றத்தில் வலுப்பெற்றது. பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 2009-ல் நிறைவேறிய மண்டல விதிகள் (எந்தப் பகுதியில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று வகுப்பவை), நகர மையத்தின் உட்பகுதியில் இடத்துக்கு ஏற்ப 150 முதல் 180 அடி உயரம் வரை கட்ட அனுமதித்தன. குடியிருப்பு கட்டுபவர்களுக்குக் கூடுதல் பரப்பும் தந்தன. இதை வரைந்தவர்கள் குடும்பங்களும் முதியவர்களும் மையத்தில் குடியேறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் மாணவர்கள். சவுத் யூனிவர்சிட்டி வீதியும் ஃபாரஸ்ட் வீதியும் சந்திக்கும் மூலையில் நீங்கள் பாலும் ரொட்டியும் வாங்கியிருக்கக்கூடிய வில்லேஜ் கார்னர் கடையை இடித்துவிட்டு, 2012-ல் 14 மாடிக் குடியிருப்பு எழுந்தது. ஹியூரான் வீதியில் பாதுகாக்கப்பட்ட பழைய வீடுகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு 14 மாடிக் கட்டடத்துக்கு 2013-ல் நகர மன்றம் ஆறுக்கு ஐந்து என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. விதிப்படி விண்ணப்பித்தவரை மறுத்தால் நீதிமன்றத்தில் தோற்போம் என்பதே ஆதரித்தவர்களின் வாதம். அதன் பின் ஆண்டுக்கு ஒன்றிரண்டாக எழுந்து, இன்று சவுத் யூனிவர்சிட்டி வீதியில் நின்றால் இருபுறமும் கண்ணாடியும் உலோகத் தகடும் வேய்ந்த சுவர்களே தெரிகின்றன.

மாணவர்களுக்காக இவ்வளவு விலையுயர்ந்த வீடுகள் ஏன் என்று கேட்பீர்கள். 1960-களில் பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவில் பெரும்பங்கை மாநில அரசே ஏற்றது. இப்போது அப்பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, பிற மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் முழுக் கட்டணம் செலுத்தும் மாணவர்களைப் பல்கலைக்கழகம் மேலும் மேலும் சேர்த்தது. இளநிலை மாணவர்களில் இன்று ஏறக்குறைய பாதிப் பேர் அத்தகையவர்கள். அவர்களுடைய கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 55,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்தத் தொகையைச் செலுத்தக்கூடிய குடும்பங்களில் பல, உடற்பயிற்சிக்கூடமும் மொட்டைமாடி நீச்சல்குளமும் உள்ள கட்டடத்தில் ஒரு படுக்கைக்கு மாதம் 1,500 டாலருக்கு மேல் தரவும் தயங்குவதில்லை. ஆம், இந்தக் கட்டடங்களில் வாடகை வீட்டுக்கு என்று பேசப்படுவதில்லை. படுக்கைக்கு இவ்வளவு என்று தனித்தனி ஒப்பந்தம்.

பல்கலைக்கழகத்துக்கும் ஊருக்கும் இடையிலுள்ள சட்ட உறவையும் தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். மிச்சிகன் மாநில அரசியல் சட்டம் இப்பல்கலைக்கழகத்துக்குத் தன்னாட்சி தந்திருக்கிறது. மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக் குழு அதை நடத்துகிறது. நகரத்தின் மண்டல விதிகள் அதைக் கட்டுப்படுத்துவதில்லை. அது வாங்கும் நிலம் சொத்து வரிப் பட்டியலிலிருந்தும் நீங்கிவிடுகிறது. தனியார் ஒருவர் நான்கு மாடி கட்ட இரண்டு ஆண்டுகள் மன்றத்தில் காத்திருக்க, பல்கலைக்கழகம் நினைத்த இடத்தில் நினைத்த உயரத்துக்குக் கட்டலாம். பழைய உயர்நிலைப் பள்ளியாக 1907-ல் கட்டப்பட்டு, பின்னர் வகுப்பறைகளாக இருந்த ஃபிரீஸ் கட்டடத்தில் நீங்களே பாடம் கேட்டிருக்கலாம். அதை இடித்துவிட்டு 2010-ல் நார்த் குவாட் என்ற விடுதியைத் திறந்தார்கள். அதை ஒட்டியிருந்த கார்னகி நூலகத்தின் முகப்பு மட்டும் புதுக் கட்டடத்தில் பதிந்து நிற்கிறது.

பேக்கர்ட், டிவிஷன் வீதிகளின் மூலையில் 1953 முதல் இருந்த பிளிம்பி பர்கரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தட்டை எடுத்து வரிசையில் நின்று, பொரித்தவை எவை என்பதை முதலில் சொல்லி, பிறகு எத்தனை அடுக்கு இறைச்சி, எந்த ரொட்டி என்று அவர்கள் கேட்கும் ஒழுங்கிலேயே பதில் சொல்ல வேண்டும். பாலாடைக்கட்டியின் பெயரை முன்கூட்டியே எடுத்தால் கல்லின் முன் நிற்பவர் அதட்டுவார். அந்த இடத்தையும் அதைச் சுற்றியிருந்தவற்றையும் பல்கலைக்கழகம் வாங்கி, முதலீட்டாளர் சார்லஸ் மங்கர் 2013-ல் தந்த 110 மில்லியன் டாலர் நன்கொடையின் துணையுடன் ஆய்வு மாணவர்களுக்கான பெரிய விடுதி ஒன்றைக் கட்டியது. 2015-ல் திறந்த அவ்விடுதியின் படுக்கையறைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சன்னலே கிடையாது. மாணவர்கள் பொதுக்கூடத்துக்கு வந்து கலந்து பழக வேண்டும் என்பது நன்கொடையாளரின் எண்ணம். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஓர் ஊரில் மாணவர்களுக்குப் பகல் வெளிச்சத்தையும் மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிளிம்பி 2014-ல் ஆஷ்லி வீதியில் மீண்டும் திறந்தது. வரிசையும் அதட்டலும் மாறவில்லை.

பல்கலைக்கழகத்தின் பசியைக் குறை கூறுபவர்கள் 2007-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்வேன். அந்த ஆண்டு சனவரியில், ஊரின் வடகிழக்கிலிருந்த தன் ஆய்வு நிலையத்தை மூடப் போவதாக ஃபைசர் மருந்து நிறுவனம் அறிவித்தது. பார்க்-டேவிஸ் என்ற பெயரில் நீங்கள் அறிந்திருந்த அதே நிலையம்தான். கொழுப்பைக் குறைக்கும் லிப்பிட்டார் மருந்து 1985-ல் முதன்முதலில் உருவானதும் அங்கேதான். ஏறக்குறைய 2,100 பேர் வேலை பார்த்த அந்த நிலையம் நகரத்தின் மிகப் பெரிய வரி செலுத்துநர். வீட்டு விலை சரிந்து, அடுத்த ஆண்டே டெட்ராய்ட் கார்த் தொழிலும் தடுமாறியபோது ஊர் கலங்கிப்போனது. 2009-ல் பல்கலைக்கழகம் 174 ஏக்கர் நிலத்தையும் அதிலிருந்த கட்டடங்களையும் 108 மில்லியன் டாலருக்கு வாங்கி ஆய்வு வளாகமாக்கியது. நகரத்துக்கு வரி போயிற்று, ஆனால் வேலைகள் வந்தன. இதே காலத்தில் 2006-ல் கூகுள் தன் விளம்பரப் பிரிவின் அலுவலகத்தை லிபர்ட்டி வீதியில் திறந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் இங்கே படித்தவர். இந்த ஊரிலேயே பிறந்த டியூவோ செக்யூரிட்டி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தை 2018-ல் சிஸ்கோ 2.35 பில்லியன் டாலருக்கு வாங்கியது. நல்ல சம்பளம் வாங்கும் இளைஞர்கள் மையத்திலேயே குடியேற விரும்பினார்கள். மாணவர்களோடு இவர்களும் சேர்ந்து வாடகையை ஏற்றினார்கள்.

ஊர் அகலவாட்டில் ஏன் வளரவில்லை என்பதற்கு மக்களே எடுத்த முடிவு ஒன்று காரணம். 2003-ல் வாக்காளர்கள், சொத்தின் வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு அரை டாலர் வீதம் முப்பது ஆண்டுகளுக்கு வரி செலுத்த ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் பூங்காக்களுக்கு நிலம் வாங்குவதுடன், நகரத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் உழவர்களிடமிருந்து கட்டட உரிமையை விலைக்கு வாங்கி, அந்நிலங்கள் என்றும் விளைநிலமாகவே இருக்கச் செய்கிறார்கள். இதுவரை 7,000 ஏக்கருக்கு மேல் இப்படிக் காக்கப்பட்டிருக்கிறது. இது அருமையான முடிவு. ஆனால் வெளியே வேலி போட்டவர்கள், உள்ளேயும் தங்கள் தெருக்களில் ஒரு மாடி கூடக் கூடாது என்று நின்றதுதான் தவறு என்று நினைக்கிறேன். வெளியே படராமல் இருக்க வேண்டுமானால் உள்ளே நெருங்கி வாழத்தான் வேண்டும். நகரின் பெரும்பகுதி தனிவீடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததால், வளர்ச்சி முழுவதும் மையத்தின் ஆறேழு தெருக்களில் வந்து குவிந்தது. நீங்கள் பார்க்கப்போகும் கோபுரங்கள் அங்கே அத்தனை நெருக்கமாக நிற்பதற்கு இதுவே காரணம்.

வரிச் சட்டமும் தன் பங்கைச் செய்தது. 1994-ல் மிச்சிகன் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய திருத்தத்தின்படி, வீடு ஒருவர் கையில் இருக்கும்வரை அதன் வரி மதிப்பு பணவீக்க அளவுக்கு மேல் ஏற முடியாது. ஐந்து விழுக்காடு உச்ச வரம்பு. விற்றவுடன் வரம்பு நீங்கி, வாங்கியவருக்குச் சந்தை மதிப்பின்படி வரி. இதனால் ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் முப்பது ஆண்டுகளாக இருப்பவர் செலுத்தும் வரியைப் போல் இரண்டு மடங்கை நேற்று வந்தவர் செலுத்துவதைக் காணலாம். பிள்ளைகள் வெளியேறிய பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போக முதியவர்கள் தயங்குவதற்கு இது ஒரு வலுவான காரணம். இளம் குடும்பங்களுக்கு வீடு கிடைக்காமல் போவதற்கும் இதுவே ஒரு காரணம்.

இந்த நெருக்கடியில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் கறுப்பின மக்கள். கெர்ரிடவுனைச் சுற்றியும் ஆன் வீதியிலும் அவர்களுடைய வீடுகளும் கடைகளும் தேவாலயங்களும் ஒரு காலத்தில் நிறைந்திருந்தன; நகரின் பிற பகுதிகளில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகள் அவர்களை அங்கேயே நிறுத்தியிருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படித்த ஜோன்ஸ் பள்ளி 1965-ல் மூடப்பட்டது. அந்தக் கட்டடம் 1972 முதல் கம்யூனிட்டி உயர்நிலைப் பள்ளி. பிறகு விலை ஏற ஏறக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக விற்றுவிட்டுப் பெரும்பாலும் கிழக்கே இப்சிலான்டிக்குப் போயின. நீங்கள் படித்தபோதே இது பாதி நடந்திருந்தது; இப்போது மீதியும் நடந்துவிட்டது. மறுபுறம் ஆசிய மக்களின் பங்கு இந்த முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்காகியிருக்கிறது.

இப்சிலான்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டு மைல் தொலைவிலுள்ள அவ்வூரை ஒட்டி, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் செய்த வில்லோ ரன் ஆலை, பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கைக்கு வந்து, கார்கள் பொருத்தும் பகுதி 1993-லும் எஞ்சிய பகுதி 2010-லும் மூடப்பட்டன. ஆன் ஆர்பரின் மருத்துவமனையைத் துடைப்பவர்கள், உணவகங்களில் பாத்திரம் கழுவுபவர்கள், பேருந்து ஓட்டுபவர்கள் ஆகியோரில் பலர் அங்கிருந்து வாஷ்டனா சாலை வழியாக நான்காம் எண் பேருந்திலோ காரிலோ நாள்தோறும் வந்து போகிறார்கள். முற்போக்கான ஊர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஆன் ஆர்பர், தனக்கு உழைப்பவர்களுக்கு உள்ளே இடம் தராதது எனக்கு உறுத்தும் விஷயம்.

சிறு மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கால்பந்து அரங்கம் உங்கள் காலத்தில் பெரும்பாலும் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய கிண்ணமாக இருந்ததால், சாலையிலிருந்து பார்த்தால் அவ்வளவு பேர் உள்ளே அமர முடியும் என்று நம்ப முடியாது. 2010-ல் இருபுறமும் தனியறைகளுடன் உயர்ந்த செங்கல் கட்டடங்கள் எழுப்பியபின் அது தொலைவிலிருந்தே மதில் போலத் தெரிகிறது, இருக்கைகள் 1,07,601. ஹியூரான் ஆற்றில் ஆர்கோ அணைக்குப் பக்கத்தில் படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த இடத்தில், 2012-ல் படிப்படியாக இறங்கும் நீரோட்டம் அமைத்தார்கள். கோடையில் மிதவைக் குழாய்களில் குழந்தைகள் வரிசையாக இறங்கி வருவார்கள். 2002-ல் டெட்ராய்ட் பகுதியில் கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டு, ஆயிரக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. உங்களுக்கு நிழல் தந்த சில தெருக்களில் இப்போது இளமரங்கள்தான். 1835-ல் தொடங்கிய ஆன் ஆர்பர் நியூஸ் நாளிதழ் 2009 சூலையில் அச்சை நிறுத்தியது. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான் வரைந்த அதன் கட்டடம் இப்போது கடன் சங்கத்தின் அலுவலகம். நகர மன்றத்தில் நடப்பதை ஊர் முழுவதும் ஒரே பக்கத்தில் படித்த காலம் அதோடு போயிற்று; கட்டட விவாதங்கள் இவ்வளவு கசந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அண்மை ஆண்டுகளில் ஊரின் மனம் மாறத் தொடங்கியிருக்கிறது. 2020 நவம்பரில், மலிவு வாடகை வீடுகளுக்காக இருபது ஆண்டுகளுக்குத் தனி வரி செலுத்த மக்கள் பெரும்பான்மையாக ஒப்புக்கொண்டார்கள். 1,500 வீடுகள் அதன் இலக்கு. 2021 முதல், பிரையர்வுட் சுற்றுப்புறம் போன்ற அகன்ற சாலைப் பகுதிகளில் உயரமாகக் கட்ட அனுமதித்தார்கள். 2022-ல், ஒவ்வொரு கட்டடமும் இத்தனை கார் நிறுத்துமிடம் வைத்தே ஆக வேண்டும் என்ற விதியை ரத்து செய்தார்கள். நூலகத்தை ஒட்டிய காலி மனையின் வரலாறு இந்த மனமாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். நிலத்தடி வாகன நிறுத்தத்துக்கு மேல் 17 மாடிக் கட்டடம் எழுப்ப நகர மன்றம் அந்த மனையை விற்க முனைந்தபோது, 2018-ல் மக்கள் சிறு வித்தியாசத்தில் வாக்களித்து, அது பொதுவெளியாகவே இருக்க வேண்டும் என்று நகரச் சாசனத்தில் எழுதிவைத்தார்கள். ஏழு ஆண்டுகள் அது தார் போட்ட மேடையாகவே கிடந்தது. 2025 ஆகஸ்டில் அதே மக்கள் அந்த விதியை நீக்கி, புதிய நூலகமும் வீடுகளும் அங்கே வர வழி செய்தார்கள். தனிவீட்டுத் தெருக்களிலும் கூடுதல் வீடுகளை அனுமதிக்கும் புதிய நகரத் திட்டம் பற்றி 2025 முழுவதும் தோட்டப் பலகைகளிலும் கூட்டங்களிலும் சண்டை நடந்தது. நான் அதை ஆதரிப்பவன்.

பல்கலைக்கழகமும் தாமதமாகவேனும் தன் கடமையை உணர்ந்திருக்கிறது. 2018-ல் ஃபிங்கர்லி மரக்கடையின் நிலத்தை வாங்கி, இசைக்குழு பயிற்சி செய்யும் எல்பெல் மைதானத்தை அங்கே மாற்றிவிட்டு, பழைய மைதானத்தில் 2,300 படுக்கைகள் கொண்ட விடுதித் தொகுதியைக் கட்டத் தொடங்கியது. நடுவளாகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கென்று 1960-களுக்குப் பிறகு கட்டும் முதல் விடுதி இது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் கூடுதலாகச் சேர்த்த மாணவர்களில் பெரும்பாலோரை ஊரின் தலையில் விட்டிருந்தார்கள்.

உங்கள் மகளுக்கு முதலாண்டில் விடுதி கிடைத்துவிடும்; சிக்கல் இரண்டாம் ஆண்டில்தான். அடுத்த இலையுதிர் பருவத்துக்கான வீட்டை முந்தைய இலையுதிர் பருவத்திலேயே பேசி முடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. 2021-ல் மன்றம் அதற்குக் கடிவாளம் போட்டபின் உரிமையாளர்கள் வேறு வேறு வழிகளைக் கண்டுபிடித்தார்கள். எனவே சேர்ந்த சில வாரங்களிலேயே, பழகி மூன்று மாதம்கூட ஆகாத தோழிகளோடு கையெழுத்துப் போட நெருக்குவார்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மையத்துக் கோபுரங்களை மட்டும் பார்க்காமல், பேக்கர்ட் வீதியில் தெற்கே சற்று இறங்கியும், வடவளாகத்தை ஒட்டிய பிளிமத் சாலையிலும் தேடச் சொல்லுங்கள். மாணவர் அட்டையைக் காட்டினால் நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. பல்கலைக்கழகத்தின் நீலப் பேருந்துகளும் இரு வளாகங்களுக்கிடையே ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் மகளைப் பார்க்க வரும்போது, உள்ளூர்க் கால்பந்து ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளைத் தவிர்த்துவிட்டுத் தேதியைத் தேர்ந்தெடுங்கள். அந்த இரவுகளில் ஓட்டல் அறை வாடகை மற்ற நாள்களைவிடப் பல மடங்கு ஏறிவிடும்.